கனியக்காவுக்கு வந்த பாஷை

பாஸ்டர் "ஸ்தோத்திரங்க அக்கா" என்று கை கூப்பி முடிப்பதற்குள் கனியக்கா அவருடைய சட்டையின் கீழ் விளிம்பைப் புரட்டிப் பார்த்துவிடுகிறார். "மடிப்பு கோணிக்கிட்டுப் போவுது ஐயா. அவசரத்துல தச்சிருக்கான்" என்கிறார். அடுத்துப் படியேறி வருகிற வாலிபனின் டி-ஷர்ட் கழுத்துக்குக் கை போகிறது. அதற்கடுத்த பெண்ணின் சுடிதார் கைக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சோதனை முடியாமல் யாரும் ஜெபக்கூடத்துக்குள் நுழைய முடியாது. யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. திருப்பூரில் துணியைப் புரட்டிப் பார்ப்பது சௌக்கியம் விசாரிப்பது மாதிரிதான்.

முழுப்பெயர் ஞானக்கனி. ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். சாத்தான்குளம் பக்கத்தில் பிறந்து, கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவர். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை மேஜைமேல் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, தொங்குகிற நூலை வெட்டி அனுப்ப வேண்டும். கண்ணாடி வாங்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. "கண்ணு எதுக்கு, வெரலு இருக்குல்லா" என்கிறார். துணியைத் தடவிக்கொண்டே பக்கத்து மேஜையோடு பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று விரல் நிற்கும். அந்த இடத்தில் ஓட்டை இருக்கும்.

இத்தனை வருடம் கொங்கு நாட்டில் இருந்தும் அவருடைய பேச்சு சாத்தான்குளத்தைவிட்டு நகரவில்லை. மேலதிகாரிகளிடம் பேசும்போது மட்டும் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வார். அதுவும் எப்படி? "சாப்டுட்டியளாங்க." இரண்டு ஊர் மரியாதையும் ஒரே வார்த்தையில். கேட்கிறவர் கூடுதலாகக் கௌரவிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வதே நல்லது.

அவருடைய மேஜையில் இப்போது பாதிப்பேர் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள். கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். மற்ற மேஜைகளில் கைச் சைகையிலும் அரைகுறை இந்தியிலும் காரியம் நடக்க, கனியக்கா வேறு வழியில் இறங்கினார். "ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை. நீ ஒண்ணு சொல்லு, நான் ஒண்ணு சொல்லுதேன்." நூலுக்கு அவர்கள் ஊரில் 'சூதா' என்றார்கள். "நூலு சூதா? நல்லாருக்கே கத" என்று சிரித்து அதை முதலில் மனப்பாடம் செய்தார். அப்புறம் 'பொசொ' என்றால் உட்கார். 'காய்லொ கி' என்றால் சாப்பிட்டாயா. 'காந்தொனா' என்றால் அழாதே. புதிதாக வருகிற பெண்களிடம் இந்த மூன்றும்தான் அதிகம் தேவைப்பட்டன என்பார். அப்படியே சேர்ந்து சேர்ந்து, இன்றைக்கு மேஜையில் நடக்கிற சண்டை, வம்பு, ஊர்க்கதை எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

இந்தப் பண்டமாற்றில் மறுபக்கம் ஒரு விபத்து நடந்தது. அந்தப் பெண்களுக்கு வந்த தமிழ் கனியக்காவின் தமிழ். கொங்கு நாட்டுக் கம்பெனியில் நின்றுகொண்டு அவர்கள் சாத்தான்குளத்துத் தமிழ் பேசினார்கள். பசந்தி என்று ஒரு பெண். இரண்டு பிள்ளைகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள், மேஜையிலேயே கெட்டிக்காரி. ஒருநாள் சூப்பர்வைசரை அழைக்க வேண்டியிருந்தது. கனியக்கா வாட்ச்மேனின் மகனைக் கூப்பிடுகிற மாதிரியே, பசந்தி மிகுந்த பணிவோடு, "ஏல, இங்கன வால" என்றாள்.

சூப்பர்வைசர் நேராகக் கனியக்காவிடம் வந்தார். "ஏனுங்க அக்கா, எங்க அப்பாரு கூட என்னைய ஏலன்னு கூப்பிட்டதில்லீங்க. என்னத்தைச் சொல்லிக் குடுக்கறீங்க நீங்க?"

"தப்பா நெனைக்காதிய சார். அவ பாசமா கூப்பிடுதா" என்றார் கனியக்கா, கையில் இருந்த பனியனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கியதும் இந்தப் பெண்களைக் கடைவீதிக்குக் கூட்டிப்போவது அவர்தான். மருந்துக் கடையில் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கேட்டு அவர்கள் மொழியில் சொல்வார். செருப்புக் கடையில் அவர்களுக்காகப் பேரம் பேசுவார். ஊரிலிருந்து போன் வந்து யாராவது குளியலறையில் நின்று அழுதால், விடுதி வார்டன் அழைப்பது கனியக்காவின் நம்பரைத்தான். இதையெல்லாம் ஊழியம் என்று யாராவது சொன்னால் முழிப்பார். "இது என்ன ஊழியம்? பக்கத்துல இருக்கிற புள்ளைட்ட பேசாம இருக்கவா செய்வாக?"

எங்கள் சபை சிறியது. நஜீமுதீன் பாயின் கட்டிங் வேஸ்ட் குடோனுக்கு மேல், தகரக் கூரை போட்ட ஒரே ஹால். பாஸ்டர் முருகவேல் நெசவுக் குடும்பத்தில் பிறந்து பிற்பாடு கிறிஸ்தவரானவர். பெயரை மாற்றவில்லை. "பேர மாத்துனா ஆதாரு, பேங்கு, கரண்டு பில்லு, அத்தனைக்கும் அலையோணுங்க. ஆண்டவருக்கு என்னையத் தெரியுமுங்க" என்பார். போன மழைக்காலத்தில் அவர் வாராவாரம் வரங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆவியானவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரம் கொடுக்கிறார், அது வைத்திருப்பவருக்காக அல்ல, மற்றவர்களுக்காக என்பது பொருள். அதை அவர் ஊர்ப் பாணியில் சொன்னார்: "ஓவர்லாக் மிஷினு நாந்தான் பெரிசுன்னு நின்னுக்கிட்டா கழுத்துப்பட்டி யாருங்க வெப்பாங்க? தையல் அடிக்கறவரு, மடிக்கறவரு, அயர்ன் பண்றவரு, அத்தன பேரு கையிலயும் போயித்தானுங்க ஒரு பனியன் பெட்டிக்குள்ள போவுது."

சபையில் எல்லாருக்கும் எது தன் வரம் என்று ஓரளவு தெரிந்திருந்தது. கீர்த்தனாவுக்குக் குரல். ஞாயிறு ஆராதனையில் பாடுவதோடு, படுக்கையில் இருக்கிற வயதானவர்களின் வீடு தேடிப் போய் அவர்கள் கேட்கிற பழைய பாட்டைப் பாடிவிட்டு வருவாள். ரத்தினசாமி ஐயாவுக்கு நோயாளிகளுக்காக ஜெபிக்கிற வரம். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார். ஜெபம் குறுகியது, காபி நிறைய. எலாஸ்டிக் கடை ராஜவேலுக்குக் கொடுக்கிற வரம். கஷ்டப்படுகிற வீட்டுக்கு அரிசி மூட்டையைப் பெயர் சொல்லாமல் அனுப்புவார். அதைக் கொண்டுபோகிற டெம்போவில் அவர் கடைப் பெயர் பெரிதாக எழுதியிருக்கிறது. சித்ராதேவி அம்மாவுக்குப் புத்தி சொல்கிற வரம். அவர் எதிரே வந்தால் இளம் பெண்கள் தெரு மாறிப் போவார்கள்.

கனியக்கா வேண்டிக்கொண்டது அந்நிய பாஷையை. ஜெபத்தில் தன்னை மறந்திருக்கும்போது, பேசுகிறவருக்கே புரியாத ஒரு மொழி நாவில் வரும். எங்களைப் போன்ற சபைகளில் அதை ஆவியானவர் தருகிற வரமாக மதிக்கிறோம். அது சபை நடுவே வந்தால், அதன் பொருளைச் சொல்லும் வரமும் யாருக்காவது கொடுக்கப்படும் என்பதும் நம்பிக்கை. சபையில் பலருக்கு அது வந்திருந்தது. நேற்று வந்து சேர்ந்தவர்களுக்குக்கூட. கனியக்காவுக்கு வரவில்லை. "எல்லா வீட்டு மேலயும் மழ பெய்யுது. எங்க வீட்டு மேல மட்டும் யாரோ தார்ப்பாய் போட்டிருக்காவ" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் உபவாச ஜெபம் முடிந்து மற்றவர்கள் ஈரக் கண்களோடு எழுந்திருக்கும்போது, அவர் பாயைச் சுருட்டுகிற வேகத்தைப் பார்த்தால் தெரியும்.

யார் யாரோ யோசனை சொன்னார்கள். 'அல்லேலூயா'வை வேகமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள், தானாக வரும் என்றார் ஒருவர். சொல்லிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டதுதான் மிச்சம். சாயப்பட்டறை வண்டி ஓட்டுகிற அவர் கணவர் வேறு விதமாக ஆறுதல் சொன்னார்: "புதுசா ஒரு பாஷை எதுக்கு கனி? இருக்கிற பாஷைக்கே என்னால பதில் சொல்ல முடியல."

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்திருந்தார். பாஷை வரத்துக்காகத் தலையில் கைவைத்து ஜெபிப்பதில் பெயர் பெற்றவர். கம்பெனியில் அன்று தைத்த பீஸ் வராததால் செக்கிங் மேஜைக்கு விடுமுறை. கனியக்கா பசந்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பசந்தி தன் ஊரிலேயே சபைக்குப் போய்ப் பழகியவள். இங்கே வந்தபின் ஞாயிறு என்றால் துணி துவைக்கிற நாள் என்று ஆகியிருந்தது. முதல் தடவையாக எங்கள் ஹாலில் வந்து, கடைசி வரிசையில் முழங்காலிட்டாள்.

காலையிலிருந்து தண்ணீரும் குடிக்காத கூட்டம். கூரைத் தகரம் காய்ந்து அனல் இறங்கியது. ஊழியக்காரர் ஒவ்வொருவராகத் தாண்டிக் கனியக்காவிடம் வந்தார். தலையில் கையை வைத்தார். "நாக்கைப் பிடிச்சு வெக்காதீங்கம்மா. அது போற போக்குல விட்டுருங்க" என்றார்.

கனியக்கா விட்டுவிட்டார்.

முதலில் முனகல். பிறகு உதடு துடித்தது. பிறகு, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, தெளிவான உரத்த குரலில் வந்தது. "பொசொ... பொசொ... காந்தொனா... காந்தொனா... காய்லொ கி... காய்லொ கி... சூதா காட்டொ..." கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கத்தில் இருந்த சித்ராதேவி அம்மா, "அக்காவுக்கு வந்துருச்சு, வந்துருச்சு" என்று அவரைக் கட்டிக்கொண்டார். கீர்த்தனா பாட்டை நிறுத்திவிட்டாள். இத்தனை வருடம் காத்திருந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஹாலில் பாதிப்பேர் அழுதார்கள்.

கடைசி வரிசையில் முழங்காலிட்டிருந்த பசந்தி, முதல் 'பொசொ'விலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஊழியக்காரர் ஒலிபெருக்கியில் கேட்டார். "சபைக்கு ஒரு செய்தி வந்திருக்கு. இதுக்கு வியாக்கியானம் யாருக்காவது கொடுக்கப்பட்டிருக்கா?"

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. கேள்விக்குப் பதில் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல பசந்தி எழுந்து நின்றாள்.

"அக்கா சொல்லுதா, இரிட்டி. அழாதட்டி. தின்னியாட்டி? நூல வெட்டுட்டி."

ஊழியக்காரர் புரியாமல் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தரையைப் பார்த்தார். முதலில் சிரித்தவர் ரத்தினசாமி ஐயா. அவர் சிரித்து அந்த ஹாலில் யாரும் பார்த்ததில்லை. உபவாச நாளில் சபையைப் பார்த்துச் 'சாப்பிட்டாயா' என்று பரலோகம் விசாரித்த செய்தி வரிசை வரிசையாகப் பரவி, கடைசியில் கீர்த்தனா பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கீழே குடோனிலிருந்து நஜீமுதீன் பாய், "மேலே எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தார்.

கனியக்கா கண்ணைத் திறந்தார். வாரம் முழுவதும் புதிதாக வந்த பெண்களோடு பேசிப் பேசி நாவில் ஊறிக்கிடந்தது, பிடியை விட்டதும் கொட்டிவிட்டது என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று படியிறங்கிப் போனார். உபவாசம் அவருக்கு நினைவில்லை. திரும்பி வரவும் இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் சபையில் புதிய வாழ்த்து ஒன்று புழக்கத்துக்கு வந்தது. "அக்கா, காய்லொ கி?" வாலிபர்கள் கேட்பார்கள். கனியக்கா, "போங்கல, கழுதைகளா" என்று சிரிப்பார். சட்டை விளிம்புகளைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்வார். எல்லாம் பழையபடிதான் தெரிந்தது. ஆனால் ஜெப நேரம் வந்ததும் அவருடைய உதடு அசையாது. முன்பெல்லாம் ஹாலிலேயே அவருடைய ஜெபம்தான் உரக்கக் கேட்கும். "ஆண்டவரே, இந்த வாரத்து ரிஜெக்ட் பீஸ் நாந்தான், தள்ளிவிடாதேயும்" என்று கம்பெனிக் கணக்கில் கெஞ்சுவார். இப்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டும் பாடவில்லை. ஒருமுறை கீர்த்தனா கேட்டதற்கு, "வாயத் தொறந்தா கம்பெனில்லா வருது" என்றார். அப்போது சிரிக்கவில்லை.

பசந்தி வேறு பயந்துபோயிருந்தாள். கை தூக்கியது பெரிய பாவம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் யாரென்று நாங்கள் எல்லாரும் ஊகித்தோம். ஆனாலும் ஞாயிறுதோறும் வந்தாள். கனியக்காவை ஒட்டி உட்காராமல், இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தாள்.

பாஸ்டர் அந்தச் சமயத்தில்தான் அவரவர் வரத்துக்கேற்ப குழுக்கள் பிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒன்று, வீடு சந்திப்புக்கு ஒன்று. வட மாநிலத் தொழிலாளர்களுக்கென்றும் ஒரு குழு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. படிக்கட்டில் கனியக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அந்தப் புள்ளைங்ககிட்டப் பேசறதுக்கு ஆளில்லீங்க. நீங்கதான் முன்ன நிக்கோணும்."

"வேண்டாம் ஐயா. எனக்கு வாயி ராசியில்ல. வெளக்கமாத்தக் குடுங்க, ஹாலக் கூட்டுதேன்."

"நீங்க கேட்ட பாஷைதானுங்க வந்திருக்குது?"

"நீங்களும் கேலி பண்ணுதியளா ஐயா?"

பாஸ்டர் உண்மையிலேயே கேலி செய்யவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கனியக்கா அவர் சட்டைக் கையின் பட்டன் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, பேச்சை அங்கே கொண்டுபோய்விட்டார்.

சென்ற ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம். கடவுள் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து சொல்லலாம். ராஜவேல் கடையில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லி உட்கார்ந்ததும், பசந்தி எழுந்து போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எம் மவ" என்று தொடங்கினாள். "ஊருல. காய்ச்சலு." அவ்வளவுதான் வந்தது. அடுத்த வார்த்தையைத் தேடினாள். நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு தமிழைக் கைவிட்டுத் தன் மொழியில் வேகமாகச் சொல்ல ஆரம்பித்து, யாருக்கும் புரியவில்லை என்று கண்டு, பாதியில் நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாரும் கனியக்காவைப் பார்த்தார்கள். பாஸ்டர் மட்டும் பார்க்கவில்லை. அவர் தன் கையிலிருந்த வேதத்தின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கனியக்கா பாயின் ஓரத்தைப் பார்த்தபடி இருந்தார். பின்னால் ஒரு வாலிபன் மெல்லச் சிரித்தான். பசந்தி மைக்கை அதன் இடத்தில் வைக்கப் போனாள்.

"வைக்காதட்டி" என்றது ஒரு குரல். கனியக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்துகொண்டிருந்தார். முன்னால் போய், மைக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவர் மைக் பிடிப்பது அதுதான் முதல் தடவை. ஐஸ்கிரீம் பிடிப்பதைப் போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தார். பசந்தியைப் பார்த்து ஏதோ கேட்டார். பசந்தி மூச்சு விடாமல் கொட்டினாள்.

"அவ மவளுக்கு ரொம்ப நாளாக் காய்ச்சலு" என்றார் கனியக்கா. ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு அவரே ஒரு அடி பின்வாங்கினார். "நம்ம ரத்தினசாமி ஐயா போன்லயே ஜெபிச்சாகளாம். இவளுக்கு ஒரு வார்த்த வெளங்கலயாம், ஆனா ஐயா கடைசி வரைக்கும் போன வைக்கலயாம். அது போதும்ங்கா." ரத்தினசாமி ஐயா தலையைக் குனிந்துகொண்டார். பசந்தி தொடர்ந்தாள். "இப்ப புள்ளைக்குச் சொகமாம். பள்ளிக்கூடம் போறாளாம். கணக்குல மட்டும் முட்டையாம்." சபை சிரித்தது. கனியக்கா பசந்தியின் பக்கம் திரும்பி, "அத ஏம்ட்டி இங்க சொல்லுத" என்று அதட்டினார். அதுவும் ஒலிபெருக்கியில் வந்தது. சிரிப்பு இன்னும் கூடியது. பசந்தியும் சிரித்தாள். கனியக்காவும். கூட்டம் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் மறந்துவிட்டார்.

பசந்தி இன்னொன்றைச் சொல்லத் தொடங்கினாள். இந்த முறை மெதுவாக. சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு கையால் தன் வளையலைத் திருகிக்கொண்டே, நீளமாகச் சொன்னாள். கனியக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் தலையாட்டுவதை நிறுத்தினார்.

சபை காத்திருந்தது. தமிழ் வரவில்லை.

"என்னங்க சொல்லுது? சத்தமாச் சொல்லுங்க, கேக்கல" என்றார் முன்வரிசையில் சித்ராதேவி அம்மா.

கனியக்கா மைக்கின் தலையை உள்ளங்கையால் முழுதாகப் பொத்திக்கொண்டு, சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பசந்தியின் காதருகே குனிந்து, "காந்தொனா" என்றார்.